வீட்டுப் பணிக்குக் காற்றழுத்த யந்திரம்

1857-ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து ரயில் பாதை அமைக்கும் பணி தொடங்கிற்று. கைத்துளையினால் மிக மெதுவாக நடந்த அவ்வேலை, அழுத்தப்பட்ட காற்றினால் இயங்கும் துளைக் கருவிகள் 1861-இல் வந்த பின் விரைவு பெற்றது. 1871-இல் சுரங்கம் திறக்கப்பட்டது. அதே தத்துவம் இன்று தில்லியில் சாவ்ரி பஜார், சுவாமி சிரத்தானந்த மார்க் ஆகிய இடங்களிலுள்ள கடைகளில் சிறு யந்திர உருவில் விலைக்குக் கிடைக்கிறது. வீட்டைப் புதுப்பிக்க விரும்புவோர் அதை வாங்குமுன் அறிய வேண்டியவை சில உண்டு.

வாங்குவோர் பெரும்பாலும் தொட்டியின் அளவையே கேட்கின்றனர். இது தவறு. 50 லிட்டர் தொட்டியில் அழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு 8 கிலோகிராமிலிருந்து 6 கிலோகிராமாகக் குறையும்போது வெளிவரும் காற்று, சாதாரண நிலையில் சுமார் 100 லிட்டரே. மரத்தை இழைக்கும் காற்றுத் தேய்ப்புக் கருவி நிமிஷத்திற்கு 300 லிட்டர் வரை உட்கொள்ளும். ஆகவே தொட்டியின் சேமிப்பு அதற்கு 20 விநாடிக்கே போதும். அதன்பின் பம்பு தரும் காற்றே கருவியை இயக்க வேண்டும். எனவே, ஒரு நிமிஷத்தில் யந்திரம் உண்மையில் எவ்வளவு காற்று வெளியிடுகிறது என்பதையே கேட்டறிதல் வேண்டும். ஆணி அடிக்கும் கருவிக்கோ ஒவ்வோர் அடிக்கும் சிறிதளவு காற்றே தேவை. அதற்குச் சிறு யந்திரமே போதும்.

மேனாடுகளில் மரச்சட்ட வீடுகள் மிகுதி. அங்கே ஆணிக் கருவிக்கு வேலை அதிகம். தில்லி வீடுகளோ செங்கல்லும் கான்கிரீட்டும் கொண்டவை. இங்கே வர்ணம் தெளித்தல், அலமாரி வேலை, மெத்தை ஆசனங்களுக்குத் துணி பொருத்துதல் ஆகியவையே முக்கிய உபயோகங்கள். சுவரில் சில துளைகள் மட்டும் இடுவோருக்கு மின்சாரத் துளைக் கருவியே சிக்கனமானது. காற்றை அழுத்தும்போது மின்சக்தியின் பெரும்பகுதி வெப்பமாகி வீணாகிறது. சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சூடேறுவதைக் காட்டி ஆசிரியர்கள் இதை மாணவருக்கு எளிதில் விளக்கலாம்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. 35 டிகிரி செண்டிகிரேடு வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 32 கிராம் நீராவி இருக்கும். அதனை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி மீண்டும் அதே வெப்பநிலைக்கு ஆறவிட்டால், 5 கிராம் அளவே ஆவியாக நிற்கும். எஞ்சிய 27 கிராம் நீராகத் தொட்டியில் தங்கும். அதை நாள்தோறும் வடித்துவிடாவிடில் இரும்பு துருப்பிடிக்கும். தெளிக்கும் வர்ணத்திலும் புள்ளிகள் விழும். துருவினால் மெலிந்த தொட்டி அழுத்தம் தாளாது வெடிக்கவுங் கூடும். பாதுகாப்பு வால்வு இல்லாத தொட்டியை எக்காரணம் கொண்டும் உபயோகித்தல் ஆகாது.

காற்றுக் குழாயை உடலின் மேல் பிடித்துத் தூசி தட்டுவது அபாயகரமானது. பழைய பூச்சைத் தேய்ப்போர் முகமூடி அணிதல் அவசியம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என வரம்பு விதித்துள்ளன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குளிர்காலத்தில் காற்றின் மாசு மிகும்போது தில்லியில் கட்டட வேலைகளுக்குத் தடைகள் வருவதால், தூசி எழுப்பும் பணியை முன்கூட்டியே முடித்துக்கொள்வது நன்று.

ஒரு முறை வர்ணம் பூசுவதற்கே யந்திரம் தேவையெனில், வாடகைக்கு எடுப்பதே விவேகம். செய்ய வேண்டிய வேலையை முதலில் வரையறுத்து, அதற்கேற்ற கருவியைத் தெரிந்து, பின்னர் அக்கருவிக்குப் போதிய காற்றைத் தரும் யந்திரத்தை நாடுவோர் ஏமாற்றம் அடைவதில்லை.