முகில் கடக்கும் கணவாய்

கண்டி மாநகரிலிருந்து தெல்தெனியாவைத் தாண்டி உன்னஸ்கிரியவை அடைந்து, மகியங்கனைப் பெருவீதியை விட்டு இடப்பக்கம் திரும்பினால், தேயிலை மலைகளினூடே ஒடுங்கிய பாதையொன்று வளைந்து வளைந்து ஏறும். லூல்வத்தையைக் கடந்து அது சென்று சேரும் மலைவாயிலே கோர்பெட் கணவாய். ஊரார் அதனைக் கோபட்ஸ் கெப் என்பர். அங்கிருந்து பாதை மீமுரே ஊரை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. இருபுறமும் தும்பறை மலைத்தொடரின் முகடுகள் எழுந்து நிற்கின்றன. இறுக மூடிய கையின் விரல்மூட்டுகளை ஒத்த தோற்றத்தால் ஆங்கிலேயர் இத்தொடருக்கு நக்கிள்ஸ் எனப் பெயரிட்டனர். இதன் அதியுயர் முடியான கொம்பானியா 1,906 மீற்றர் உயரமுடையது.

தென்மேற்குப் பருவக்காலத்தில் இவ்வாயிலில் நிற்பவர் முதலில் உணர்வது காற்றின் வலிமையை. அடுத்து, கண்ணெதிரே முகில் கணவாயைக் கடந்து மறுபுறச் சரிவில் இறங்கி, இறங்க இறங்கக் கரைந்து மறைவதைக் காண்பார். மனிதர் கணவாய்களைக் கடப்பதற்கு முன்பே காற்றும் நீரும் அவற்றைக் கடந்துகொண்டிருந்தன. அந்தக் கடத்தலின் இயல்பை அறிய, இமயத்தின் பனியாற்றுக் கணவாய் ஒன்றோடு இவ்விடத்தை ஒப்பிட்டு நோக்குதல் நல்லது.

இந்தியாவின் கட்வால் இமயத்தில், கங்கோத்திரிக்கும் பத்திரிநாத்துக்கும் இடையே காளிந்திக் கணவாய் உள்ளது. அதன் உயரம் 5,900 மீற்றருக்கு மேல். 1931இல் பிரித்தானியப் படை அலுவலர் பேர்னி அதனைக் கடந்தார். இன்று மலையேறுவோர் கங்கோத்திரியிலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய 4,000 மீற்றர் உயரத்தில் பாகீரதி ஆறு பனியின் வாயிலிருந்து வெளிப்படும் கோமுகத்தை அடைந்து, அங்கிருந்து 30 கிலோமீற்றர் நீளமான கங்கோத்திரிப் பனியாற்றின் ஓரமாகவும் அதன் கிளைப் பனியாறுகளின் மீதாகவும் பல நாள் நடக்கின்றனர். கற்குவியல்களைத் தாண்டிப் பனிவெளியை அடைந்ததும் ஒரே கயிற்றில் தம்மைப் பிணைத்துக்கொள்கின்றனர். பனியாறு நின்ற இடத்தில் நிற்பதன்று. தன் எடையாலேயே சரிவில் மெல்ல நகர்வது. நிலம் மேடுபள்ளமாகும் இடங்களில் அதன் மேற்பகுதி இழுபட்டுப் பிளக்கின்றது. அப்பிளவுகள் பல மீற்றர் ஆழமானவை. புதுப்பனி அவற்றின் வாயை மூடிப் பாலம்போல் கிடக்கும்போது, கண்ணுக்குத் தெரிவது சமவெளி மட்டுமே.

எனவேதான் இறுதி ஏற்றம் நள்ளிரவுக்குப் பின் தொடங்குகிறது. இரவுக் குளிரில் பனியின் மேற்பரப்பு உறைந்து இறுகி, பிளவுகளை மூடிய பாலங்கள் ஆளின் எடையைத் தாங்கும். ஞாயிறு ஏறியதும் அதே பனி இளகிக் கால் முழங்கால்வரை புதையும். பனியோடு ஒட்டியிருந்த கற்களும் பிடி தளர்ந்து உருளும். காலம் தவறாமை அங்கே உயிரைக் காக்கும் ஒழுக்கம்.

அவ்வுயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் பாதியளவே. வளியில் ஒட்சிசனின் பங்கு எங்கும் ஏறத்தாழ 21 சதவீதந்தான். எனினும் வளியே ஐதாகிவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலை அடையும் ஒட்சிசன் பாதியாகிறது. பழகாத உடல் விரைந்து ஏறினால் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றும். மிஞ்சினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோக்கும். பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேயே இந்நோய் தலைகாட்டும். இலங்கையின் அதியுயர் மலையான பீதுருதாலகாலை 2,524 மீற்றர். அவ்வெல்லையை அது தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

ஆயினும் தும்பறையில் ஆபத்து இல்லையென எண்ணுதல் பிழை. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீற்றர் ஏறும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே கண்டியில் 24 பாகை இருக்கையில் கொம்பானியா முகட்டில் 15, 16 பாகை இருக்கும். இக்குளிர் தன்னளவில் எவரையும் வருத்தாது. ஆனால் நனைந்த உடையோடு பலத்த காற்றில் பல மணிநேரம் வழிதவறி நிற்பவரின் கதை வேறு. வளியைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். காற்றில் உலரும் ஈரமும் உடலின் வெப்பத்தை உறிஞ்சிச் செல்லும். உறைநிலைக்கு வெகு மேலான வெப்பநிலையிலும் மனித உடல் குளிர்ந்து செயலிழக்கக்கூடும். தும்பறைக்குச் செல்லும் இளைஞர் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் மறவாமல் எடுத்துச் செல்வர். உலர்ந்த மாற்றுடையைத்தான் மறந்துவிடுகின்றனர். மூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது என்பதை அங்கு சென்றோர் அறிவர்.

இலங்கையில் பனியாறு இல்லாமைக்கு எளிய காரணம் உயரமே. நம்முடைய அகலக்கோட்டில் வளிமண்டலத்தின் உறைநிலை மட்டம் ஏறத்தாழ 5,000 மீற்றரில் உள்ளது. கொம்பானியாவின் மேல் அதே அளவு மலையொன்றை அடுக்கி, அதன்மேல் இன்னும் ஒன்றைப் பாதிக்கு மேல் அடுக்கினாலே அம்மட்டத்தை அடையலாம். நுவரெலியாவில் தை, மாசி மாத விடியல்களில் புல்லின்மேல் படியும் உறைபனி, தெளிந்த வானின்கீழ் நிலம் தன் வெப்பத்தை இரவெல்லாம் இழப்பதால் வருவது. வெயில் ஏறியதும் மறைவது. கடைசிப் பெரும் பனியூழி உச்சத்தை அடைந்த ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் நம் மலைகளில் பனியாறு இருந்ததில்லை. அக்காலத்தில் உறைநிலை மட்டம் ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் தாழ்ந்திருந்தும் நம் முடிகள் அதற்கு எட்டவில்லை.

ஆனால் பனியூழி இங்கே வேறு வகையில் தன் சுவட்டை விட்டுச் சென்றது. ஹோட்டன் சமவெளியின் சதுப்பில் படைபடையாகப் படிந்த கரிமண்ணைத் துளையிட்டு எடுத்து, அதில் புதைந்த மகரந்த மணிகளை ஆய்வாளர் ஆராய்ந்தனர். அப்பனியூழிக் காலத்தில் அவ்வுயர்நிலம் இன்றைய ஈரக்காடாக இல்லாமல் வறட்சியைத் தாங்கும் செடிகொடிகளோடு இருந்தமையை அம்மணிகள் காட்டின. வடக்கே இமயமும் திபெத்தும் கோடையில் சூடாகி வளியை உள்ளிழுப்பது பருவக்காற்றின் வலிமைக்குப் பெரிதும் துணைசெய்வது. அவ்வுயர்நிலங்கள் குளிர்ந்து உறைந்தபோது தென்மேற்குப் பருவக்காற்று தளர்ந்தது. இலங்கையின் மலைநாடு காய்ந்தது. இமயத்தின் பனி நம் மழையோடு அத்துணை நெருங்கிய தொடர்புடையது.

தொடர்பு நிலத்தடியிலும் உண்டு. கண்டி அமர்ந்திருக்கும் அதே நிலத்தட்டே ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கி இமயத்தை எழுப்பியது, இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வீதம் வடகிழக்காக நகர்ந்து எழுப்புகிறது. தும்பறையின் பாறைகளோ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. இளைய மலைக்கு முதுகு கொடுத்து நிற்கிறது முதிய மலை. இமயச் சரிவுகளில் செந்நிறமாய்ப் பூக்கும் ரோடோடென்ரன் மரத்தின் ஓர் உள்ளினம் நம் மலைநாட்டிலும் பூக்கிறது.

இனிக் கோர்பெட் கணவாய்க் காற்றுக்கு வருவோம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைத்தொடரை முட்டியதும் மேலெழும். மேலெழும் வளி விரிந்து குளிரும். நீராவி ஒடுங்கி முகிலாகும். ஒடுங்கும்போது மறைவெப்பத்தை வெளிவிடும். தொடரின் மேற்குச் சரிவுகள் சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெறுவது இதனால். முகடுகள் இருபுறமும் தடுக்க, இடையிலுள்ள தாழ்ந்த வாயிலினூடே காற்று நெருக்குண்டு விரைகிறது. கடந்து இறங்கும் வளி அமுங்கிச் சூடாகிறது. மழையாய் நீரை இழந்துவிட்ட அது, ஏறியபோது இருந்ததைவிட வறண்டும் வெப்பமாயும் கீழிறங்கும். மட்டக்களப்பார் வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் என்று சொல்லிப் பெருமூச்செறியும் வறண்ட மேல்காற்று, மலைநாட்டைக் கடந்து வரும் இக்காற்றுதான்.

கணவாயை அடுத்த டீன்ஸ்டன் பகுதியில் குறுங்காடு ஒன்றுண்டு. அங்குள்ள மரங்கள் ஆளுயரத்தைச் சற்றே தாண்டி முடிந்துவிடும். காற்று அவற்றை நிமிர விடுவதில்லை. அடித்தண்டு முறுகி, கிளைகள் கிடைநிலையில் பரந்து, இலைகள் சிறுத்துத் தடித்துள்ளன. ஒரு கிளையை அணுகிப் பார்த்தால் பட்டை தெரியாது. பாசி, அதன்மேல் சிறு பெரணி, அதனிடையே விரல்நுனியளவான ஓர்க்கிட் செடி, கீழே தொங்கும் நரைத்த மரப்பாசி என அடுக்கடுக்காய் மூடியிருக்கும். மழை பெய்யாத நேரத்திலும் அக்கிளையிலிருந்து நீர் சொட்டும். முகிலிலுள்ள நீர்த்துளிகள் மில்லிமீற்றரின் நூறில் ஓரிரு பங்கு அளவினவாதலால் தாமாக விழுவதில்லை. காற்றோடு மிதந்து செல்வன. காடு குறுக்கே நின்று அவற்றை வடித்தெடுக்கிறது. இலைநுனியிலும் பாசி இழையிலும் மோதிய துளிகள் ஒன்றுசேர்ந்து பெருத்துச் சொட்டுகின்றன. பாசி தன் உலர் எடையைப் போல் பல மடங்கு நீரை ஈரத்துணிபோல் ஏந்தி, மழை ஓய்ந்த நாட்களிலும் மண்ணுக்கு மெல்ல விடுகிறது.

இமயத்தில் பனியாறு செய்யும் வேலையின் பெரும்பகுதியைக் கண்டியில் இம்முகிற்காடு செய்கிறது என்பது என் துணிபு. கங்கையின் வெள்ளத்தைப் பெருக்குவது பருவமழையே. ஆயினும் மேல்நிலப் பள்ளத்தாக்குகளில் மழையற்ற கோடையில் ஆறு வற்றாமல் ஓடுவது பனி உருகுவதால். தும்பறையிலும் வறண்ட மாதங்களில் ஓடைகளை உயிரோடு வைத்திருப்பது, காட்டின் பாசியும் மட்கும் மண்ணும் தேக்கிய நீர். உளுகங்கை இம்மலையிலிருந்து இறங்கி, 1985இல் செயற்படத் தொடங்கிய விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மகாவலியோடு கலக்கிறது. பழைய தெல்தெனியா நகரை மூழ்கடித்து எழுந்த அந்நீர்த்தேக்கம் 210 மெகாவற்று மின் நிலையத்தை இயக்குகிறது. மலைமுகட்டில் ஒரு பாசி பிடித்த நீர்த்துளிக்குக் கண்டி நகரத்தின் மின்விளக்கில் பங்குண்டு.

பனியாறு, முகிற்காடு என்னும் இரண்டு தேக்கங்களையும் ஒரே வெம்மை தாக்குகிறது. இமயப் பனியாறுகள் 2000ஆம் ஆண்டுக்குப் பின் பனியை இழக்கும் வேகம், அதற்கு முந்திய கால் நூற்றாண்டின் வேகத்தைப்போல் இருமடங்கு என்பதைச் செய்மதிப் படங்கள் காட்டின. வெம்மை கூடினால் முகில் உருவாகும் மட்டமும் உயரும். கோஸ்டாரிக்காவின் மொண்டிவர்டே முகிற்காட்டில் மூட்டமற்ற நாட்கள் பெருகியதை 1990களில் ஆய்வாளர் பதிவுசெய்தனர். அங்கு மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரை 1989க்குப் பின் காணப்படவில்லை. தும்பறைக்கே உரிய உயிர்கள் பல: மூக்கில் இலைவடிவக் கொம்பு தாங்கிய ஓணான், பாறைக் கசிவுகளில் ஒட்டி வாழும் தவளை, 2006இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட குறு ஓணான். இமயத்து உயிர் வெம்மைக்கு அஞ்சி மேலேறினால் ஏற இன்னும் சில ஆயிரம் மீற்றர் உண்டு. 1,906 மீற்றருக்கு மேல் தும்பறையில் நிலமில்லை. 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டில் இத்தொடரும் அடங்கும். அவ்வறிவிப்பால் முகிலின் மட்டத்தைத் தாழ்த்த இயலாது. ஏலத்துக்காகக் கீழ்மரங்களை வெட்டி வெறுமையாக்கிய காட்டுப்பகுதிகளை மீட்பது நம்மால் இயலும்.

அதற்கு முன் அளக்க வேண்டும். இமாசலத்தின் சோட்டா சிக்ரிப் பனியாற்றில் 2002 முதல் கழிகளைப் பனிக்குள் இறக்கி, ஆண்டுதோறும் அவை எவ்வளவு வெளித்தெரிகின்றன எனப் பார்த்து உருகிய பனியைக் கணக்கிட்டு வருகின்றனர். கடும் உழைப்பைக் கோரும் பணி அது. கோர்பெட் கணவாயில் தேவைப்படுவது அத்துணைக் கடினமன்று. வெறும் மழைமானி மூட்டத்தைப் பிடிப்பதில்லை. இரு மழைமானிகளைத் திறந்த வெளியில் அருகருகே வைத்து, ஒன்றின் வாய்மேல் நுண்கம்பி வலையாலான உருளையொன்றைப் பொருத்த வேண்டும். மூட்டம் வலையில் மோதி வழிந்து அதனுள் சேரும். மூன்றாவதொன்றைக் குறுங்காட்டின் மரக்கவிகையின்கீழ் வைக்க வேண்டும். முதலிரண்டின் வேறுபாடு காற்று கொண்டுவரும் முகில்நீரைக் காட்டும். மூன்றாவது, மழையும் முகில்நீரும் சேர்ந்ததில் காடு மண்ணுக்கு விட்டதைக் காட்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருநாளில் சென்று திரும்பத்தக்க தொலைவில் உள்ள இடம் இது. ரங்கலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளின் உயர்தர மாணவர் நாள்தோறும் அளவெடுத்து எழுதிவைக்கத்தக்க பணி இது.