மங்கல் எந்த அடுக்கில்?

காரின் மேற்பரப்பு பளபளப்பை இழந்து மெல்லிய புகை படிந்தாற்போலத் தோன்றும்போது, ‘ரப்பிங்’ செய்து பாலிஷ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடு உரிமையாளர்கள் பட்டறைக்குச் செல்வது வழக்கமாக உள்ளது. ஆனால் ஒரே மாதிரியாகத் தோன்றும் மங்கலுக்கு, வண்ணத்தின் மேல் ஒட்டிய படிவு, மேல் அடுக்கிலேயே விழுந்த கீறல், அடியில் நேர்ந்த சிதைவு என ஒன்றோடொன்று தொடர்பற்ற காரணங்கள் இருக்கக்கூடும். இவற்றுள் முதலாவதைப் பெரும்பாலும் தேய்க்காமலே நீக்கலாம், இரண்டாவதைத் தேய்த்தே நீக்க வேண்டும், மூன்றாவதைத் தேய்த்தால் கேடு பெருகும். எனவே மங்கல் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டறிவதே இத்தொழிலின் முதற்படியாகும்.

இன்றைய கார் உற்பத்தியில் உலோகத்தகட்டின் மீது பொதுவாக நான்கு அடுக்குகள் ஏற்றப்படுகின்றன. மின்னோட்டத்தின் உதவியால் படியவைக்கப்படும் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம் தரும் அடிவண்ணம், எல்லாவற்றிற்கும் மேலாக நிறமற்ற ‘கிளியர் கோட்’ என்ற வரிசையில் அமையும் இவ்வடுக்குகளின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரையே இருக்கும்; மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 மைக்ரான் மட்டுமே. ஆயினும் தலைமுடி ஒன்றின் தடிமனைவிடவும் மெல்லிய இந்த அடுக்குதான் காரின் பளபளப்பைத் தருவதோடு, தன்னுள் கலக்கப்பட்ட வேதிப்பொருள்களால் புறஊதாக் கதிர்களையும் உள்வாங்கி அடிவண்ணத்தைக் காக்கிறது.

பளபளப்பு என்பது அடிப்படையில் ஒளி பிரதிபலிக்கும் முறையைச் சார்ந்தது. பரப்பு வழவழப்பாக இருந்தால் விழும் ஒளி ஒரே திசையில் திரும்பி, எதிரில் உள்ள மரமும் கட்டடமும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. நுண்கீறல்களோ படிவுகளோ இருந்தால் ஒளி பல திசைகளிலும் சிதறி, பிம்பத்தின் மீது வெண்மையான திரை விரிந்தது போலாகிறது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை என்பதால், அந்த அளவை ஒத்த மிகச் சிறிய மேடுபள்ளங்கள்கூடப் பளபளப்பைக் குலைக்கப் போதுமானவை.

மேலே ஒட்டிய படிவுகளில் தமிழகத்து உரிமையாளர்கள் அதிகம் எதிர்கொள்வது ஆழ்துளைக் கிணற்று நீரின் கறையாகும். அந்நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள், கழுவிய காரை வெயிலில் உலரவிடும்போது வட்ட வட்டமான வெண்திட்டுகளாகத் தங்கிவிடுகின்றன. புதிய திட்டுகளை நீர்த்த வினிகர் போன்ற மென்மையான அமிலம் கரைத்துவிடும்; பல வாரங்கள் கிடந்தவை கிளியர் கோட்டையே அரித்துப் பள்ளமாக்கியிருக்கும் என்பதால், உப்பு நீங்கிய பிறகும் அவற்றின் வளையம் எஞ்சி நிற்கும். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூளும் இவ்வாறே பரப்பில் பதிகிறது. இதற்கென விற்கப்படும் திரவம் இரும்புடன் வினைபுரிந்து ஊதா நிறமாக மாறுவதால் தூள் எங்கே உள்ளது என்பதைக் காட்டியும் கொடுக்கிறது. அதற்கும் அசையாத துகள்களை, வழுக்குநீர் தெளித்துக் ‘கிளே பார்’ எனப்படும் பிசின்களிமண்ணால் மெல்ல வருடி எடுப்பர்.

முந்தைய பாதுகாப்புப் பூச்சே மங்கலுக்குக் காரணமாவதும் உண்டு. பழைய பூச்சை நீக்கும் வழி அதன் வகையைப் பொறுத்தது. பிரேசிலில் வளரும் கார்னாபா பனையின் இலையிலிருந்து எடுக்கப்படும் மெழுகு, செயற்கைப் பொருள்களாலான ‘சீலன்ட்’ ஆகியவை பரப்பின் மீது தங்கும் மெல்லிய படலங்களே ஆதலால், காரத்தன்மை மிகுந்த ஷாம்பூவும், அதைத் தொடர்ந்து நீர்த்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துடைப்பும் அவற்றைப் பெரும்பாலும் அகற்றிவிடும். காட்சியகங்களில் புதிய காருடன் விற்கப்படும் ‘டெஃப்லான் கோட்டிங்’கும் நடைமுறையில் இவ்வகையைச் சேர்ந்ததே. 1938-இல் டூபான்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் கண்டறிந்த டெஃப்லான், சுமார் 327 டிகிரி செல்சியஸில்தான் உருகும். காரின் வண்ணத்தை அந்த வெப்பத்திற்கு உட்படுத்த இயலாது என்பதால், அப்பொருள் வாணலியில் பதிவதுபோலக் காரில் பதிவதில்லை, தன்னைச் சுமந்து வரும் மெழுகோடு தங்கி, மெழுகோடு நீங்குகிறது.

‘செராமிக் கோட்டிங்’ இவற்றினின்றும் வேறுபட்டது. சிலிக்கான் சார்ந்த பிசின்களால் ஆன இத்திரவம், பூசியபின் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து கண்ணாடியை ஒத்த வலைப்பின்னலாக இறுகிவிடுவதால், ஆல்கஹாலும் பட்டறைத் தின்னரும் அதைக் கரைப்பதில்லை. பூசும்போது உபரித்திரவத்தை உரிய நேரத்தில் துடைக்கத் தவறினால், அது எண்ணெய்த் திட்டுபோல இறுகி நிரந்தர மங்கலாகத் தோன்றும். இறுகுவதற்கு முன்பாயின் அதே திரவத்தை மீண்டும் தடவித் துடைத்தால் போதும், இறுகியபின் பாலிஷ் செய்து எடுப்பதே உறுதியான வழி. ஆயினும் நீர் முத்துமுத்தாகத் திரளவில்லை என்பதை மட்டுமே வைத்துப் பூச்சு அழிந்துவிட்டது என்று முடிவு கட்டுவது அவசரமாகும். தூசியும் உப்பும் மேலே அடைத்துக்கொண்டாலும் நீர் திரளாது. உப்பையும் இரும்பையும் முறையாகக் கழுவி நீக்கிய பின் நீர் மீண்டும் திரண்டு உருளுமானால், பூச்சு அழியவில்லை, அதை அகற்ற வேண்டியதும் இல்லை என்றே பொருள்.

‘பிபிஎஃப்’ எனப்படும் பாலியூரித்தேன் படலம் பூச்சன்று, பசையால் ஒட்டப்படும் தாள். சுமார் 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள இது ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகி, வெடிப்பு விட்டு, வண்ணமே கெட்டதுபோல் தோன்றச் செய்யும். நீராவியாலோ வெப்பக்காற்றாலோ படலத்தை இளக்கி, மேல்நோக்கிப் பிடுங்காமல் பரப்பை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுத்து, தங்கிய பசையைப் பசைநீக்கியால் துடைக்க வேண்டும். விபத்துக்குப்பின் பட்டறையில் மறுபூச்சு செய்யப்பட்ட பகுதியாயின் படலத்தோடு வண்ணமும் உரிந்து வரும் அபாயம் இருப்பதால், அந்த வரலாற்றை உரிமையாளர் முன்கூட்டியே தெரிவிப்பது நலம்.

படிவும் பழைய பூச்சும் நீங்கிய பிறகும் மங்கல் எஞ்சினால், அது கிளியர் கோட்டிலேயே உள்ளது என்று கொள்ளலாம். தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் அன்றாடம் துடைப்பதே இதற்கு முதன்மைக் காரணம். துணிக்கும் பரப்புக்கும் இடையே சிக்கும் மணல் எண்ணற்ற நுண்கீறல்களை இழுக்க, வெயில் படும்போது அவை சிலந்திவலைபோல் சுழன்று தெரிகின்றன. பாலிஷ் என்பது கீறலை நிரப்பும் வேலையன்று, கீறலின் அடிமட்டத்திற்குச் சுற்றுப்புறத்தையும் தாழ்த்தும் வேலை. அலுமினியம் ஆக்ஸைடு போன்ற கடினத்துகள்கள் கலந்த ‘காம்பவுண்டு’ கிளியர் கோட்டைச் சீவி எடுப்பதனாலேயே பரப்பு சமனாகிறது. எனவே தேய்ப்பதற்கு முன் தடிமன்மானியால் அளப்பது இன்றியமையாதது. அக்கருவி உலோகத்திற்கு மேலுள்ள மொத்தத் தடிமனையே காட்டும், கிளியர் கோட்டைத் தனித்துக் காட்டாது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி இயங்குவதும் இல்லை. இருந்தாலும் ஓரிடத்தில் அளவு சுற்றுப்புறத்தைவிடக் குறைந்தால் அது முன்பே தேய்க்கப்பட்டதாக இருக்கலாம் என்றும், 200 மைக்ரானைத் தாண்டினால் மறுபூச்சு என்றும், அதனினும் பல மடங்காயின் அடியில் பள்ளம் நிரப்பும் ‘பட்டி’ இருக்கிறது என்றும் ஊகிக்க அது உதவும்.

தேய்க்கும் முறையே புதிய மங்கலை உண்டாக்குவதும் உண்டு. ஓர் அச்சில் மட்டும் சுழலும் ‘ரோட்டரி’ இயந்திரம் கம்பளித்தட்டோடும் முரட்டுக் காம்பவுண்டோடும் இயங்கும்போது ஆழ்ந்த கீறல்களை விரைவில் நீக்கினாலும், தான் சென்ற தடத்தை வெயிலில் அலைஅலையாக மின்னும் கோடுகளாக விட்டுச்செல்கிறது. சுழன்றுகொண்டே மையம் விலகிய வட்டமாகவும் அசையும் ‘டூயல் ஆக்‌ஷன்’ இயந்திரத்தில், மென்மையான பஞ்சுத்தட்டும் நுண்துகள் பாலிஷும் கொண்டு இரண்டாம் கட்டப் பணியை முடித்தால்தான் அத்தடம் மறையும். பானெட்டில் ஓரடிச் சதுரம் மட்டும் சோதனைக்கு எடுத்து, மிக மென்மையான சேர்க்கையில் தொடங்கி, பயன் கிட்டாதபோது மட்டும் கடுமையைக் கூட்டுவது தேர்ந்தவர்களின் நெறி. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை நிரப்பிப் பொய்ப் பளபளப்பைத் தரும் என்பதால், ஆல்கஹாலால் துடைத்த பின்பே விளைவை மதிப்பிட வேண்டும்.

மூன்றாம் வகை மங்கலுக்கு இயந்திரத்தால் மருந்தில்லை. நீண்ட கால வெயிலால் கிளியர் கோட் வெளுத்துச் செதில்செதிலாக உரியத் தொடங்கியிருந்தால், அடிவண்ணத்தோடு அதன் பிடிப்பே அற்றுவிட்டது என்பதால் தேய்ப்பு உரிதலைப் பெருக்குமேயன்றி நிறுத்தாது. மறுபூச்சு ஒன்றே வழி. கிளியர் கோட் இல்லாத பழங்கால ஒற்றையடுக்கு வண்ணமோ இதற்கு விலக்கு: அதன் மேற்பரப்பு சுண்ணாம்புபோல் வெளுத்தாலும், சிதைந்த மேற்தோலைச் சீவினால் அடியிலுள்ள நிறம் மீண்டும் ஒளிரும். அங்கே துணியில் காரின் நிறம் ஒட்டுவது இயல்பு. கிளியர் கோட் உள்ள காரில் நிறம் ஒட்டினால் அந்த அடுக்கு முற்றிலும் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

சீவி எடுத்த கிளியர் கோட் மீண்டும் வளர்வதில்லை. அதன் மீது பூசப்படும் எந்தப் பூச்சும் இழந்த தடிமனை ஈடுசெய்வதில்லை. ஆகவே ஆண்டுதோறும் தவறாமல் ‘ரப்பிங்’ செய்யும் பழக்கம் காரைப் பராமரிப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் அதன் ஆயுளைச் சுருக்குகிறது. பட்டறைக்குச் செல்லும் உரிமையாளர், தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் தடிமன் அளவு காட்டப்படுமா, சோதனைச் சதுரம் செய்யப்படுமா என்ற இரு கேள்விகளைக் கேட்பதே போதுமானது. ஆழமான ஓரிரு கீறல்கள் எஞ்சினாலும் அவற்றை விட்டுவைக்கச் சொல்லும் தொழிலாளி வேலையைக் குறைத்துக்கொள்பவர் அல்லர், காரின் எஞ்சிய மைக்ரான்களை எண்ணிப் பார்ப்பவர்.