மூன்றே ஆண்டில் சிகரம், ஒரே ஆண்டில் பாதாளம்!
கிரெட்னா கால்பந்துக் கழகத்தின் கதை

ஸ்காட்லாந்தின் தென்கோடியில், இங்கிலாந்து எல்லையை ஒட்டி இருக்கிறது கிரெட்னா என்ற சிற்றூர். மக்கள் தொகை சுமார் 3,000. இந்த ஊரின் கால்பந்துக் கழகம் கடைசி டிவிஷனில் இருந்து மூன்றே ஆண்டில் நாட்டின் முதல் வரிசைக்கு ஏறியது. ஏறிய மறு ஆண்டே கழகம் கலைந்தது. நம்புவதற்குக் கடினமான கதைதான். ஆனால் நடந்த கதை.

பிழைக்க வந்தவர்களின் ஊர்

கிரெட்னா என்றதும் பிரிட்டனில் பலருக்கு நினைவு வருவது கல்யாணம். 1754-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. 21 வயது ஆகாதவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மணம் முடிக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஸ்காட்லாந்தில் அந்தத் தடை இல்லை. எனவே காதலர்கள் குதிரை வண்டி ஏறி எல்லை தாண்டி ஓடி வந்தார்கள். எல்லையைத் தாண்டியதும் வரும் கிராமம் கிரெட்னா கிரீன். அங்கே கொல்லன் பட்டறையே கல்யாண மண்டபம் ஆயிற்று.

ரயில்வேக்காரர்களுக்கு அந்த ஊர்ப் பக்கம் வேறொரு நினைவு உண்டு. 1915 மே 22-ந் தேதி, பக்கத்தில் உள்ள குவின்டின்ஷில் சிக்னல் கேபினில், பாதையில் நின்றிருந்த பாசஞ்சர் வண்டியை மறந்து அடுத்த வண்டிக்கு லைன் கொடுத்துவிட்டார்கள். போர்முனைக்குப் போய்க் கொண்டிருந்த சிப்பாய்களின் ஸ்பெஷல் வண்டி அதில் வந்து மோதியது. அந்தச் சிதைவின் மேல் எக்ஸ்பிரஸ் மோதியது. 200 பேருக்கு மேல் மாண்டனர். பிரிட்டனில் அதைவிடப் பெரிய ரயில் விபத்து கிடையாது.

அதே முதல் உலகப் போரின்போதுதான் அந்த வட்டாரத்தில் மாபெரும் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. பல ஊர்களில் இருந்தும் ஆயிரக் கணக்கானோர் வேலைக்கு வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் குடியிருக்கக் கட்டிய வீடுகளும் தெருக்களும்தான் கிரெட்னா நகரம் ஆயிற்று. ஆக, பிழைக்க வந்தவர்களுக்காக உண்டான ஊர் இது.

அக்கரையில் ஆடிய கழகம்

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946-ல், கிரெட்னா கால்பந்துக் கழகம் தொடங்கப்பட்டது. ரெய்டேல் பார்க் என்பது மைதானத்தின் பெயர். கழகம் ஸ்காட்லாந்தில் இருந்தாலும், ஆடியது இங்கிலாந்து லீக் ஆட்டங்களில்தான். எல்லைக்கு அப்பால் உள்ள கார்லைல் நகரம் வெகு பக்கம். அதனால் 1947 முதல் அந்த வட்டார லீக்கில் சேர்ந்து ஆடி வந்தார்கள்.

1982-ல் இங்கிலாந்தின் நார்தர்ன் லீக்கில் இடம் கிடைத்தது. 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சாம்பியன் பட்டம் பெற்றனர். 1991-ல் இங்கிலாந்து எப்.ஏ. கோப்பையின் பிரதான சுற்றில் ஆடினார்கள். ஒரு ஸ்காட்லாந்து கழகம் அந்தச் சுற்றில் கால் வைத்தது நூறு ஆண்டுக்குப் பிறகு அதுவே முதல் தடவை.

ஆயினும் சொந்த நாட்டு லீக்கில் ஆட வேண்டும் என்ற ஆசை இருந்தது. இரு முறை மனுப் போட்டும் கிடைக்கவில்லை. 2002-ல் ஏர்ட்ரியோனியன்ஸ் என்ற பழைய கழகம் கடனில் மூழ்கிக் கலைந்தது. காலியான அந்த இடம் கிரெட்னாவுக்குக் கிடைத்தது. அடுத்தவர் திவாலானதால் கிடைத்த இடம். அதே கதி ஆறே ஆண்டில் தங்களுக்கும் வரும் என்று அன்று யாரும் எண்ணவில்லை.

வந்தார் ஒரு வள்ளல்

புரூக்ஸ் மைல்சன் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரத்துக்காரர். ஏழைக் குடும்பம். சிறுவனாக இருந்தபோது விழுந்து முதுகெலும்பு முறிந்தது. இனி நடப்பதே கடினம் என்றார்கள். நடந்தது மட்டும் அல்ல, ஓட்டப் பந்தய வீரராகவும் ஆனார். கட்டடத் தொழிலிலும் இன்சூரன்ஸ் தொழிலிலும் பெரும் பொருள் ஈட்டினார். உடம்புக்கு முடியாதவர். கையில் எப்போதும் சிகரெட். வீட்டில் ஆதரவற்ற பிராணிகளை வைத்து வளர்த்தார். நொடித்துப் போன பல சிறு கழகங்களின் ரசிகர் சங்கங்களுக்கும் பணம் கொடுத்தார்.

இவர் பார்வை கிரெட்னா மேல் விழுந்தது. பணம் வந்தது. முழு நேர ஆட்டக்காரர்கள் வந்தார்கள். சின்ன ஊரின் கழகத்துக்கு வருவதற்குத் தயங்கக் கூடியவர்களும் சம்பளத்தைப் பார்த்து வந்தார்கள். மானேஜர் ரோவன் அலெக்ஸாண்டர் அவர்களைக் கொண்டு ஓர் அணியைக் கட்டினார்.

பலன் மளமளவென்று தெரிந்தது. 2004-05 பருவத்தில் மூன்றாம் டிவிஷனில் 36 ஆட்டங்களில் 32 வெற்றி. தோல்வி இரண்டே. போட்ட கோல்கள் 130! மறு ஆண்டு இரண்டாம் டிவிஷன் பட்டமும் கைக்கு வந்தது.

அத்தோடு நிற்கவில்லை. அந்த ஆண்டே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்துக்கும் வந்துவிட்டார்கள். மூன்றாம் படியில் உள்ள ஒரு கழகம் அதுவரை இறுதி ஆட்டத்தை எட்டியது இல்லை. 2006 மே 13-ந் தேதி கிளாஸ்கோ நகரின் ஹாம்டன் பார்க்கில் 50 ஆயிரம் பேருக்கு மேல் கூடினர். எதிரி, எடின்பரோவின் புகழ் பெற்ற ஹார்ட்ஸ் அணி. முதலில் ஹார்ட்ஸ் கோல் போட்டது. பிற்பகுதியில் ரயான் மெக்கபி அடித்த பெனால்டியைக் கோல் கீப்பர் தடுத்தார். திரும்பி வந்த பந்தை மெக்கபியே வலைக்குள் தள்ளினார். ஆட்டம் சமன். கடைசியில் பெனால்டி உதைகளில் 4-2 என்று கிரெட்னா தோற்றது. கிரெட்னா வீரர் கேவின் ஸ்கெல்டன் உதைத்த பந்து கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் பட்டுத் திரும்பியது.

தோற்றாலும் ஐரோப்பாவின் யு.இ.எப்.ஏ. கோப்பையில் ஆடும் வாய்ப்புக் கிடைத்தது. அதில் அயர்லாந்து லீக்கின் டெர்ரி சிட்டியிடம் முதல் ஜோடி ஆட்டங்களிலேயே தோற்று வெளியேறினார்கள்.

2007-ல் முதல் டிவிஷன் பட்டமும் கிடைத்தது. அதுவும் கடைசி நாளில், கடைசி நிமிடத்தில், ஜேம்ஸ் கிரேடி போட்ட கோலால்! ஒரே ஒரு பாயின்டு வித்தியாசத்தில் பிரிமியர் லீக் கதவு திறந்தது.

வீட்டை விட்டு 75 மைல்

பிரிமியர் லீக்கில் ஆட வேண்டுமானால் மைதானத்தில் 6,000 இருக்கைகள் வேண்டும் என்பது விதி. ரெய்டேல் பார்க்கில் அவ்வளவு இல்லை. எனவே சுமார் 75 மைல் தள்ளி உள்ள மதர்வெல் நகரின் பிர் பார்க் மைதானத்தை வாடகைக்கு எடுத்தார்கள். சொந்த மைதானத்து ஆட்டம் என்று பெயர். பார்க்கப் போவதோ அடுத்த ஊருக்கு!

ஊரார் எத்தனை பேர் அவ்வளவு தூரம் போவார்கள்? மதர்வெல்காரர்களுக்குத் தங்கள் ஊர்க் கழகம் இருக்கிறது. 2008 ஏப்ரல் 5-ந் தேதி இன்வர்னஸ் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 431 பேர். பிரிமியர் லீக்கிலேயே மிகக் குறைந்த கூட்டம் அதுதான்.

டிக்கெட் வசூல் சம்பளத்துக்குக் காணாது. அதை ஈடு கட்டி வந்தது மைல்சனின் கைப்பணம். 2008 தொடக்கத்தில் அவர் கடுமையாக நோயுற்றார். பணம் நின்றது. சம்பளம் நின்றது. மார்ச் மாதம் கழகம் கடன் நிர்வாகிகள் கைக்குப் போயிற்று. தண்டனையாகப் பத்துப் பாயின்டுகள் வெட்டப்பட்டன. பருவத்தை முடிப்பதற்கே லீக் நிர்வாகம் பணம் கொடுத்து உதவ வேண்டி வந்தது.

2008 மே 13-ந் தேதி கடைசி ஆட்டம். கோப்பை இறுதி ஆட்டம் நடந்து சரியாக இரண்டு ஆண்டு. எதிரி அதே ஹார்ட்ஸ். 1-0 என்று கிரெட்னா வென்றது. கோல் போட்டவர் அன்று குறுக்குச் சட்டத்தில் உதைத்த அதே கேவின் ஸ்கெல்டன். கழகம் போட்ட கடைசி கோல் அதுதான்.

சில நாட்களில் எஞ்சியிருந்த ஊழியர்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று. வாங்க ஆள் வரவில்லை. ஜூன் மாதம் லீக்கில் இருந்து கழகம் விலகியது. ஆகஸ்டில் கலைக்கப்பட்டது. காலியான இடம் பக்கத்து ஊரான ஆனனின் கழகத்துக்குப் போயிற்று. நவம்பர் 3-ந் தேதி மைல்சன் காலமானார். வயது 60.

மிஞ்சியது எது?

மைல்சன் கழகத்தைச் சுரண்டியவர் அல்ல. கொடுத்தார், கொடுத்தார், கொடுத்துக் கொண்டே இருந்தார். குறை அங்கே இல்லை. மூவாயிரம் பேர் உள்ள ஊரால் பிரிமியர் லீக் சம்பளத்தைத் தாங்க முடியாது. தாங்கியது ஒரு தூண். அந்தத் தூணுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. அதன் பலனை அனுபவித்தவர்கள் ஆட்டக்காரர்கள் மட்டும் அல்ல. மாதச் சம்பளத்தை நம்பி இருந்த ஊழியர்களும்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தக் கோடையிலேயே ரசிகர்கள் ஒன்று கூடினார்கள். 'கிரெட்னா 2008' என்ற பெயரில் புதுக் கழகம் தொடங்கினார்கள். கோடீசுவரர் யாரும் இல்லை. கிழக்கு ஸ்காட்லாந்து லீக்கில் அடிமட்டத்தில் இருந்து ஆரம்பித்தார்கள். சில காலம் ஆனன் ஊரில் ஆடிவிட்டு, பிறகு ரெய்டேல் பார்க்குக்கே திரும்பினார்கள். 2013-ல் லோலண்டு லீக் தொடங்கியபோது அதன் முதல் உறுப்பினர்களில் ஒன்றாக இருந்தார்கள்.

இந்தப் புதுக் கழகம் ஹாம்டன் பார்க் இறுதி ஆட்டத்தைப் பார்த்தது இல்லை. ஐரோப்பாவுக்குப் போனது இல்லை. ஆனால் பழைய கழகம் லீக்கில் இருந்தது ஆறு ஆண்டு. புதுக் கழகமோ அதைப் போல இரு மடங்கு காலத்தைத் தாண்டிவிட்டது. ஊர் மக்கள் நடந்தே போய் ஆட்டம் பார்த்துவிட்டு வருகிற தூரத்தில், சொந்த மைதானத்தில்.