மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் வாப்பாமார்கள்

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் அல்மேர் என்றொரு ஊர் இருக்கிறது. 2012 டிசம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை அங்கே பதின்ம வயதுப் பையன்களின் கால்பந்துப் போட்டி ஒன்று நடந்தது. உள்ளூர் அணியில் ஒரு பையன் ஆடினான். அவனுடைய தந்தை ரிச்சர்ட் நியூவென்ஹைஸன், வயது 41, கோட்டோரம் கொடி பிடித்து நின்றார். அது அவர் சம்பளத்துக்குச் செய்த வேலை அல்ல. பிள்ளை ஆடுகிற சங்கத்துக்கு யாராவது கொடி பிடிக்க வேண்டும் என்பதால் லைன்ஸ்மேனாக நின்ற தன்னார்வலர் அவர்.

ஆட்டம் முடிந்ததும், அவருடைய கொடியில் அதிருப்தி கொண்ட எதிரணிப் பையன்கள் சிலர் அவரைத் துரத்திக் கீழே தள்ளி உதைத்தார்கள். எழுந்து நடமாடியவர் சில மணி நேரம் கழித்து மயங்கி விழுந்தார். மறுநாள் மருத்துவமனையில் இறந்துபோனார். அடுத்த வார இறுதியில் அந்த நாட்டில் சுமார் 33,000 அமெச்சூர் போட்டிகள் ரத்து செய்யப்பட்டன. 2013 ஜூனில் தீர்ப்பு வந்தது. ஐந்து சிறுவர்களுக்கு இரண்டு ஆண்டுகளும், ஒருவனுக்கு ஓராண்டும் சிறார் தடுப்புக் காவல் கிடைத்தது. அவர்களோடு பெரிய மனிதர் ஒருவருக்கும் 6 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் அந்த அணியில் ஆடிய ஒரு பையனின் தந்தை.

இந்தச் சம்பவத்தை இன்னும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தத் தந்தையும் அந்தச் சிறுவர்களில் பலரும் மொராக்கோ வம்சாவளியினர். நம் வீடுகளில் வைக்கிற பெயர்களைப் போன்ற பெயர்களை உடையவர்கள். வில்டர்ஸ் போன்ற அரசியல்வாதிகள் உடனே இதை மொராக்கோகாரர்களின் பிரச்சினை என்றார்கள். அது அநியாயமான பேச்சு. நடுவர்களை அடிப்பதும் ஏசுவதும் எல்லா இனத்தாரிடமும் இருக்கிறது. 2023-ல் பிபிசி வானொலி இங்கிலாந்தின் உள்ளூர் கால்பந்து நடுவர்களிடம் விசாரித்தபோது, பதில் சொன்ன 927 பேரில் 293 பேர் தங்கள் மீது கை வைக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். கை வைத்தவர்களில் பார்வையாளர்களும் உண்டு, பயிற்சியாளர்களும் உண்டு. ஆனாலும் வில்டர்ஸுக்குப் பதில் சொல்லிவிட்டதோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கவில்லை. அந்தச் சிறுவர்கள் அன்று கைநீட்டியபோது, தடுத்திருக்க வேண்டிய ஒரு வாப்பாவே அவர்களோடு சேர்ந்து நின்றார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. நாம் இங்கே பேச வந்தது அந்த வாப்பாவைப் பற்றித்தான்.

அடிதடி வரை போகிறவர்கள் மிகச் சிலர். அதற்கு முந்தைய படியில் நிற்பவர்கள் நிறைய. நம் ஊர்ப் பக்கம் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஆட்டம் ஒன்றை அஸருக்குப் பிறகு பார்க்கப் போயிருந்தோம். விசில் வைத்திருந்தவர் கல்லூரியில் படிக்கும் தம்பி. யாரோ கேட்டுக்கொண்டதற்காக வந்தவர். ஒரு பெனால்டி கொடுத்தார். ஓரத்தில் நின்ற ஒருவர் "கண்ணு அவிஞ்சு போச்சா? எவ்வளவு வாங்குன?" என்று கத்தினார். தொடர்ந்து வந்த சொற்களை இங்கே எழுத முடியாது. ஜும்ஆவில் முதல் வரிசைக்கு வருகிறவர் அவர். நம் பயானைக் கேட்டுத் தலையாட்டுகிறவரும்கூட. அதிலே நமக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு. ஆட்டம் முடிந்து திரும்பும்போது அவருடைய பிள்ளை மெதுவாகச் சொன்னான்: "ரெஃப்ரி சரியாத்தான் கொடுத்தாரு வாப்பா. பந்து என் கையில பட்டுச்சு." வாப்பா பதில் சொல்லவில்லை. பைக்கை ஸ்டார்ட் செய்தார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். தம் பிள்ளைக்கு அநியாயம் நடக்கிறது என்று அவர் உண்மையிலேயே நம்பினார். நாற்பது அடி தள்ளி, பக்கவாட்டிலிருந்து, பாசத்தோடு பார்க்கிறவருக்கு அப்படித்தான் தெரியும். நடுவருக்குத் தெரிவது வேறு. ஆஃப்சைடையே எடுத்துக்கொள்வோம், கூச்சலில் பாதி அதற்காகத்தான் எழுகிறது. பந்தை வாங்கும் நேரத்தில் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதைத்தான் பெற்றோர் பார்க்கிறார்கள். விதி பார்ப்பது, கூட்டாளி பந்தை உதைத்த நொடியில் அவன் எங்கே நின்றான் என்பதை. அந்த நொடியில் எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டித் தலையோ உடலோ காலோ கோல் கோட்டுக்கு நெருக்கமாக இருந்தால்தான் அது ஆஃப்சைடு நிலை. கையைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த நிலையில் நிற்பது மட்டுமே குற்றமும் அல்ல, ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். த்ரோவிலிருந்தோ கார்னரிலிருந்தோ கோல் கிக்கிலிருந்தோ நேராகப் பந்து வந்தால் ஆஃப்சைடே கிடையாது. உதைக்கும் கால் ஒரு பக்கம், ஓடும் பிள்ளை முப்பது அடி தள்ளி இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே கண்ணால் ஒரே நொடியில் பார்க்க வேண்டும். கோட்டுக்கு நேராக நிற்கிற லைன்ஸ்மேனுக்கே தப்பிப்போகும் காரியம் இது. 2018 உலகக் கோப்பையிலிருந்து அத்தனை கேமராக்களோடு வீடியோ நடுவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள், அங்கேயும் சர்ச்சை தீரவில்லை. ஒற்றை விசிலோடு ஓடுகிற ஒரு தம்பியிடம் அதைவிடத் துல்லியத்தை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

இங்கிலாந்தில் 14 வயதிலேயே நடுவர் பயிற்சியில் சேரலாம். சிறு பிள்ளைகளின் ஆட்டங்களை அங்கே பெரும்பாலும் இப்படிப்பட்ட இளம் நடுவர்கள்தான் நடத்துகிறார்கள். லண்டனிலோ லெஸ்டரிலோ குடியிருக்கும் நம் குடும்பத்தார் ஞாயிறு காலையில் பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துப்போகும்போது, விசில் வைத்திருப்பவர் தங்கள் மூத்த மகனின் வயதுக்காரராகவே இருக்கலாம். நாற்பது வயதுக்காரர் ஒருவர் தெருவில் பதினைந்து வயதுப் பையனை நிறுத்தி அப்படி ஏசினால் நாமே போய்த் தடுப்போம். மைதானத்தில் மட்டும் ஏன் பேசாமல் நிற்கிறோம்?

அரபியில் கால்பந்து நடுவருக்கு ‘ஹகம்’ என்று பெயர். அரபு நாடுகளின் வர்ணனையைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். மதரஸாவில் ஓதியவர்களுக்கு அந்தச் சொல் வேறோர் இடத்திலிருந்து பழக்கம். கணவன் மனைவிக்கிடையே பிளவு வருமென்று அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒரு ஹகமும் அவள் குடும்பத்திலிருந்து ஒரு ஹகமும் வர வேண்டும் என்கிறது சூரத்துந் நிஸாவின் 35-வது வசனம். வருகிறவர்கள் தத்தம் குடும்பத்தை ஜெயிக்கவைக்க வருவதில்லை, காரியத்தைச் சீர்படுத்த வருகிறார்கள். சிறுவர் கால்பந்திலும் பல இடங்களில் இதே ஏற்பாடுதான். நடுநிலையான லைன்ஸ்மேன் கிடைக்காததால், இந்தச் சங்கத்திலிருந்து ஒரு தகப்பன், அந்தச் சங்கத்திலிருந்து ஒரு தகப்பன் என்று கொடி பிடிக்கிறார்கள். நியூவென்ஹைஸன் நின்றதும் அப்படித்தான். ‘உன் பிள்ளை ஆடுகிறான், நீ எப்படி நியாயமாகக் கொடி தூக்குவாய்?’ என்ற சந்தேகம் இந்த ஏற்பாட்டில் எப்போதும் இருக்கும். அந்தச் சந்தேகத்தை விழுங்கிக்கொண்டு ஆடினால்தான் ஆட்டமே நடக்கும்.

கால்பந்து தொடங்கிய காலத்திலும் இங்கிலாந்தில் ஒவ்வோர் அணியும் தனக்கென ஒரு நடுவரைக் கூட்டி வந்தது. இருவருக்கும் ஒத்துவராதபோது வெளியே நின்ற மூன்றாமவரிடம் கேட்டார்கள். ரெஃப்ரி என்ற சொல்லே, பிறர் பிரச்சினையைக் கொண்டுபோய் ஒப்படைக்கிற ஆள் என்பதிலிருந்து வந்தது. 1891-ல்தான் அந்த மூன்றாமவர் மைதானத்துக்குள் வந்தார், மற்ற இருவரும் கோட்டோரம் போய் லைன்ஸ்மேன் ஆனார்கள். ஆட்டத்தில் நடந்தவை பற்றி அவர் சொல்வதே முடிவு என்பது இன்றைய விதி. அவர் தவறே செய்ய மாட்டார் என்பதால் அப்படி வைக்கவில்லை. யாராவது ஒருவர் முடிவு சொல்லாவிட்டால் இருபத்திரண்டு பேரும் மஃரிப் வரை வாதாடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அபூபக்ரா (ரலி) அவர்களின் மகன் ஸிஜிஸ்தானில் காழியாக இருந்தார். கோபமாக இருக்கும்போது இருவருக்கிடையே தீர்ப்புச் சொல்லாதே, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கக் கேட்டிருக்கிறேன் என்ற கருத்தில் தந்தை மகனுக்குக் கடிதம் எழுதினார். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. கோபத்தில் கண் சரியாகப் பார்க்காது என்று காழிக்கே சொல்லப்பட்டிருக்கிறது. கோட்டோரம் கொதித்துக்கொண்டு நிற்கிற நாம், கொதிக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறவரின் தீர்ப்பைத் திருத்தப் பார்க்கிறோம். அதே சூராவின் 135-வது வசனம் நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமானாலும் நியாயத்துக்குச் சாட்சி சொல்லச் சொல்கிறது. அன்று அந்தச் சாட்சியத்தைச் சொன்னவன் பந்து கையில் பட்ட அந்தப் பிள்ளை. அடுத்த தடவை அவன் சொல்வானா என்பதுதான் நம் கவலை. வாப்பா கத்துகிற பக்கத்தில் சேர்ந்துவிடுவது பிள்ளைக்குச் சுலபம்.

தோற்பது பற்றியும் ஒரு சம்பவம் உண்டு. நபி (ஸல்) அவர்களின் ஒட்டகம் அள்பா, பந்தயத்தில் யாரும் முந்தாதது. கிராமத்து அரபி ஒருவர் இளம் ஒட்டகம் ஒன்றில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது தாங்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. நபியவர்கள் அந்த மனிதரிடம் குறை காணவில்லை. பந்தயம் சரியாக நடந்ததா என்று கேட்கவுமில்லை. உலகில் உயர்கிற எதுவும் ஒரு நாள் தாழ்த்தப்படும், அது அல்லாஹ்வின் வழக்கம் என்று தோழர்களை ஆற்றினார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை நமக்குத் தெரியவில்லை. சொல்கிற நாள், அவர்கள் தோற்றுவிட்டு வருகிற நாளாக இருக்கட்டும்.

மேலைநாடுகளில் இதற்குச் சில வழிகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008-ல் மரியாதை இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. பெற்றோர் நிற்பதற்கு மைதானத்திலிருந்து தள்ளித் தனிக் கோடு, நடுவரிடம் கேப்டன் மட்டுமே பேசுவது என்பவை அதில் வந்தவை. 2023-ல் சில மாவட்டங்களில் உள்ளூர் நடுவர்களின் நெஞ்சில் கேமரா மாட்டிப் பார்த்தார்கள். விளையாட வருகிற இடத்துக்குப் போலீஸ்காரர் போல வர வேண்டியிருப்பது வருத்தமான சங்கதிதான். அமெரிக்காவின் ஒஹாயோவில் 1999-லேயே, ஒரு ஞாயிறு முழுக்கப் பெற்றோர் வாய் திறக்கக் கூடாது என்று வைத்தார்கள். அடக்க முடியாதவர்கள் வாயில் வைத்துக்கொள்ளக் குச்சி மிட்டாய் கொடுத்தார்களாம். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் நமக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது. நம் ஊர்ப் போட்டிகளில் செய்து பார்ப்பவர்கள் பேரீச்சம்பழம் கொடுக்கலாம்.

கால்பந்து காயல்பட்டினம் போன்ற நம் ஊர்களுக்குப் புதிதல்ல. வாப்பா, பெரியவாப்பா காலத்திலிருந்து ஆடி வருகிற பிள்ளைகள். மைதானத்தை ஒழுங்கு செய்கிறவர், பந்துக்குக் காற்றடிக்கிறவர், விசில் வைத்திருக்கிறவர் எல்லோரும் நமக்குத் தெரிந்த முகங்கள்தான். ஒருவரை இரண்டு தடவை அவமானப்படுத்தினால் மூன்றாம் தடவை அவர் வர மாட்டார். அவர் வீட்டு உம்மாவே அனுப்ப மாட்டார்.

ஆகவே பெற்றோரிடம் நாம் கேட்பது இதுதான். கோபம் வந்தால் உட்காருங்கள். நின்றுகொண்டிருப்பவர் கோபப்பட்டால் உட்காரட்டும் என்ற நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. கோட்டோரம் நிற்பவர்களுக்கு அது அப்படியே பொருந்துகிறது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். நடுவர் தவறு செய்தார் என்று உறுதியாகத் தெரிந்தால் மறுநாள் சங்கத்தாரிடம் எழுதிக் கொடுங்கள். இரவு தூங்கி எழுந்த பிறகும் எழுதத் தோன்றினால் அதில் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் நிற்பவர் ஏசத் தொடங்கினால் தோளில் கை வைத்து "காக்கா, சின்னப் பையன், விடுங்க" என்று சொல்லுங்கள். நடுவர் தாமாகச் சொல்வதைவிட அதற்குப் பலன் அதிகம்.

இன்னொன்று, ஒரே ஒரு ஆட்டத்துக்குக் கொடியைக் கேட்டு வாங்கிப் பிடித்துப் பாருங்கள். தொண்ணூறு நிமிடம் வேண்டாம், சிறுவர் ஆட்டம், ஒரு பாதி போதும். எதிரணியின் வாப்பாமார்கள் உங்களுக்குப் பின்னால் நிற்பார்கள். அவர்கள் பேசுவது நன்றாகவே கேட்கும்.