நாட்சம்பளமும் நியூயோர்க் சட்டமும்

2021 மார்ச் மாதம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது, அந்தத் தொகை ஏறத்தாழ 5 அமெரிக்க டொலருக்குச் சமம். 2022 மே மாதத்தில் ஒரு டொலரின் விலை 360 ரூபாய் அளவுக்கு ஏறியிருந்தது. அதே 1,000 ரூபாய்க்கு 3 டொலர்கூட வரவில்லை. அப்புத்தளையில் கூடை சுமந்தவர்கள் அதே மலையில்தான் ஏறி இறங்கினார்கள். ரொட்டி சுடும் கோதுமை மாவின் விலையோ அவர்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது.

நாட்டின் கையிருப்பில் டொலர் தீர்ந்துவிட்டிருந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக நிதியமைச்சு அறிவித்தது. ஏப்ரல் 18இல் கட்டவேண்டியிருந்த 78 மில்லியன் டொலர் வட்டி கட்டப்படவில்லை. 30 நாள் சலுகைக் காலம் மே 18இல் முடிந்தது. சுதந்திரத்துக்குப் பின் முதல் தடவையாக இலங்கை கடன் தவறிய நாடானது.

அந்த 30 நாள் என்ற கணக்கு கடன் ஆவணத்தில் முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்த ஒரு வரியிலிருந்து வந்தது. நாடுகள் எல்லை தாண்டிக் கடன் வாங்கும்போது இத்தகைய வரிகளை எழுதுபவர்களும், கடன் முறியும்போது அவற்றை விரித்துவைத்து வாதாடுபவர்களும் சர்வதேச வங்கி, நிதித்துறைச் சட்டத்தரணிகள். அவர்களின் வேலை என்னவென்று மலையகத்தில் உள்ள நாம் அறிந்துகொள்ளத்தான் வேண்டும். நம் வீட்டு அடுப்புவரை வந்து சேரும் விஷயம் அது.

இந்த மலைக்குப் பழைய கதை

வெளிநாட்டு வங்கியின் வாக்குறுதி பொய்த்துப்போவது ஊவா மலைகளுக்குப் புதிதன்று. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களைப் படிப்படியாக அழித்தது. தோட்டங்களை நம்பிக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே 3 அன்று கதவடைத்தது. அக்காலத்தில் இலங்கையில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பகுதி அந்த வங்கியே அச்சிட்டவை. நோட்டைக் கொண்டுவந்தால் காசு தருவோம் என்ற வங்கியின் வாக்குறுதி ஒரே நாளில் வெறும் தாளானது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசின் உத்தரவாதத்தை அறிவித்த பிறகே பீதி அடங்கியது. வீழ்ந்த தோட்டங்கள் மலிவாக விலைபோயின. 1890இல் இங்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்தில் தோட்டங்களை வாங்கியது அந்தச் சூழலில்தான். இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறிப் பார்க்கும் லிப்டன் சீட்டுக்குக் கீழே விரியும் தம்பேதன்ன தோட்டமும் அவருடையதாக இருந்தது.

கடனும் பணமும் அடிப்படையில் வாக்குறுதிகள். வாக்குறுதி பொய்த்தால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் நிதிச் சட்டத்தரணியின் கலை.

எந்த நாட்டுச் சட்டம்?

2007 அக்டோபரில் இலங்கை முதன்முதலாகச் சர்வதேச இறையாண்மை முறிகளை (நாடு வெளியிடும் கடன் பத்திரங்களை) விற்று 500 மில்லியன் டொலர் கடன் வாங்கியது. வட்டி 8.25 வீதம், தவணை 5 ஆண்டு. அதன் பின் முறிகள் தொடர்ந்து விற்கப்பட்டன. வாங்கியவர்கள் உலகெங்கும் உள்ள முதலீட்டு நிதியங்கள். அவர்களில் பலர் இலங்கையைக் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டார்கள். முகம் தெரியாத ஒருவர் முகம் தெரியாத நாட்டுக்குக் கோடிக்கணக்கில் கடன் கொடுக்கிறார் என்றால், அந்தத் துணிவின் பெரும்பகுதி பத்திரத்தில் எழுதப்பட்ட நிபந்தனைகளில் இருந்து வருகிறது.

அவற்றில் முதன்மையானது, எந்த நாட்டுச் சட்டம் இந்தப் பத்திரத்தை ஆளும் என்பது. இலங்கையின் முறிகளை நியூயோர்க் மாநிலச் சட்டம் ஆள்கிறது. ஏன் கொழும்புச் சட்டம் இல்லை? கடன் வாங்கிய நாட்டின் சட்டமே பத்திரத்தை ஆண்டால், அந்த நாட்டின் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிக் கடனின் நிபந்தனைகளை மாற்றிவிடலாம். 2012இல் கிரேக்கம் அதைச் செய்தது. அதன் முறிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கிரேக்கச் சட்டத்தின் கீழ் இருந்தன. கடன் கொடுத்தவர்களில் பெரும்பான்மையினர் இணங்கினால் எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்று பாராளுமன்றம் சட்டம் இயற்றி, வரலாற்றின் மிகப்பெரிய கடன் மறுசீரமைப்பை நடத்தி முடித்தது. நியூயோர்க் சட்டத்தைத் திருத்தக் கொழும்புப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை. கடன் கொடுப்பவருக்கு வேண்டியதும் அதுவே.

இந்த ஒரு வரியின் கனத்தை இலங்கை கடன் தவறுவதற்கு முன்பே உணர்ந்திருந்தது. இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 2007, 2008இல் எண்ணெய் விலை ஏற்றத்திலிருந்து தற்காத்துக்கொள்ள வங்கிகளோடு ஒப்பந்தங்கள் செய்தது. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டொலரைத் தொட்ட விலை, ஆண்டு முடிவதற்குள் 40 டொலருக்கும் கீழே சரிந்தது. விலை ஏறினால் கூட்டுத்தாபனத்துக்கு ஓரளவு இலாபம், சரிந்தால் பெரும் நட்டம் என்பது அந்த ஒப்பந்தங்களின் அமைப்பு. நவம்பரில் நம் உயர் நீதிமன்றம் பணம் செலுத்துவதை இடைநிறுத்தியது. ஆனால் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் ஒப்பந்தத்தை ஆங்கிலச் சட்டம் ஆண்டது. 2011இல் லண்டன் நீதிமன்றம் 160 மில்லியன் டொலருக்கும் மேல் கட்டும்படி தீர்ப்பளித்தது. டொய்ச்ச வங்கி சர்வதேச முதலீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய், 2012இல் 60 மில்லியன் டொலரும் வட்டியும் பெறும் தீர்ப்பை வென்றது. கொழும்பு நீதிமன்றத்தின் உத்தரவால் இவ்விரண்டையும் தடுக்க முடியவில்லை.

ஒருவர் மட்டும் மறுத்தால்?

லயத்தில் பத்துப் பேர் சேர்ந்து, கஷ்டத்தில் இருக்கும் ஒருவருக்குக் கடன் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். முழுவதையும் திருப்பித்தர அவரால் இயலவில்லை. ஒன்பது பேர் முக்கால் பங்கு போதும் என்று இணங்குகிறார்கள். பத்தாமவர் தன் பங்கு முழுதாக வேண்டும் என்கிறார். ஒன்பது பேர் விட்டுக்கொடுத்த காசு கடைசியில் பத்தாமவரின் பைக்குத்தான் போகும். அது தெரிந்தால் அந்த ஒன்பது பேரும் இணங்க மாட்டார்கள்.

இந்தச் சிக்கலுக்கு 1879இல் பிரான்சிஸ் போஃபோர்ட் பாமர் என்ற ஆங்கிலேயச் சட்டத்தரணி ஒரு தீர்வு எழுதினார். கடன்காரர்களில் குறிப்பிட்ட பெரும்பான்மையினர் வாக்களித்து நிபந்தனையை மாற்றினால் மற்றவர்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அது. லண்டன் ஆவணங்களில் அது வேரூன்றியது. நியூயோர்க் சட்டப்படி நாடுகள் விற்ற முறிகளிலோ, வட்டியையும் முதலையும் மாற்ற ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். 2003இல் மெக்சிக்கோ பெரும்பான்மை நிபந்தனையோடு முறி விற்ற பிறகே அந்த வழக்கம் மாறத் தொடங்கியது.

அந்த நிபந்தனை இல்லாத முறிகளை விற்ற ஆர்ஜென்டீனா பட்ட பாடு உலகப் பிரசித்தம். 2001இல் கடன் தவறிய அந்நாட்டோடு பெரும்பாலான கடன்காரர் குறைந்த தொகைக்கு இணங்கினர். என்.எம்.எல். கெப்பிட்டல் என்ற நிதியம் இணங்கவில்லை. ஆர்ஜென்டீனக் கடற்படையின் பயிற்சிக் கப்பல் லிபர்ட்டாட் 2012 அக்டோபரில் கானாவின் தேமா துறைமுகத்தில் நின்றபோது, கடனுக்காக அதைத் தடுத்துவைக்க அந்த நிதியம் நீதிமன்ற உத்தரவு பெற்றது. சர்வதேசக் கடல்சட்டத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகே டிசம்பரில் கப்பல் அங்கிருந்து புறப்பட முடிந்தது. 2016இல் அந்த நிதியத்துக்கு ஆர்ஜென்டீனா ஏறத்தாழ 2.4 பில்லியன் டொலர் கொடுத்து வழக்கை முடித்தது.

கால் பங்கின் பலம்

இலங்கைக்கும் அந்தப் பத்தாமவர் வந்தார். 2012இல் விற்ற 1 பில்லியன் டொலர் முறித் தொடர் ஒன்றின் தவணை 2022 ஜூலை 25. அந்தத் தொடரின் நிபந்தனைகளை மாற்ற அதன் முறிகளில் 75 வீதத்தை வைத்திருப்பவர்கள் இணங்க வேண்டும். சென் கிட்ஸ் நெவிஸ் தீவுநாட்டைச் சேர்ந்த ஹமில்டன் ரிசேவ் வங்கி, அதில் 250 மில்லியன் டொலருக்கும் மேற்பட்ட முறிகள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி, 2022 ஜூன் 21இல் நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கணக்கைப் பாருங்கள். கால் பங்குக்கு மேல் ஒருவர் கையில் இருந்தால், மீதி எல்லோரும் சேர்ந்தாலும் 75 வீதம் தேறாது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஆவணத்தில் எழுதிய ஓர் எண், அந்த வங்கியின் கையில் மறுப்பு உரிமையாக மாறியது.

பிற்கால முறிகளில் பல தொடர்களின் வாக்குகளைச் சேர்த்து எண்ணும் விரிந்த நிபந்தனை இருந்தது. இலங்கை அரசுக்குக் கிளிஃபர்ட் சான்ஸ் சட்ட நிறுவனமும் லசார்ட் நிதி ஆலோசகரும், முறி வைத்திருந்தோர் குழுவுக்கு வைட் அண்ட் கேஸ் சட்ட நிறுவனமும் துணைநிற்க, கடன் மறுசீரமைப்புப் பேச்சு இரண்டு ஆண்டுக்கு மேல் நீண்டது. அமெரிக்க அரசும் பிரித்தானியாவும் பிரான்சும் பேச்சுக்கு அவகாசம் தரும்படி ஆதரவு தெரிவித்த பின், 2023 நவம்பரில் நீதிபதி, ஹமில்டன் வங்கியின் வழக்கைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார். 2024 டிசம்பரில் 12.55 பில்லியன் டொலர் பெறுமதியான பழைய முறிகளைப் புதியவற்றுக்கு மாற்றும் ஏற்பாடு நடந்தது. 95 வீதத்துக்கும் மேற்பட்டோர் இணங்கினர். 2022இல் முதிர்ந்த அந்த ஒரு தொடர் மட்டும் வெளியே நின்றது.

புதிய முறிகளில் சட்டத்தரணிகளின் கைவண்ணம் வியக்கவைக்கிறது. அவற்றில் முக்கியமான ஒரு வகை, நாட்டின் பொருளாதாரத்தோடு கட்டப்பட்டது. 2025 முதல் 2027 வரை நம் உற்பத்தியின் டொலர் பெறுமதி எதிர்பார்த்ததைவிட உயர்ந்தால் கடன்காரருக்கு அதிகம் கட்ட வேண்டும். தாழ்ந்தால் குறைவாகக் கட்டினால் போதும். இன்னொரு வகையில், அரசு நல்லாட்சி இலக்குகளை நிறைவேற்றினால் வட்டி குறையும்.

நாம் கேட்கவேண்டியது

நாடு முழுவதும் விளைந்த தேயிலை 2023இல் ஏறத்தாழ 1.3 பில்லியன் டொலர் ஏற்றுமதி வருமானம் தந்தது. மறுசீரமைத்த முறிக்கடன் 12.55 பில்லியன். ஒன்பது, பத்து ஆண்டுத் தேயிலை முழுவதற்கும் சமமான கடன் அது. அந்த டொலரைக் கொழுந்தாகப் பறித்துக் கொடுப்பவர்களில் அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைத் தோட்டங்களின் பெண்களும் அடக்கம். கடன் வாங்கியபோது எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம், எத்தனை வீதப் பெரும்பான்மை என்று அவர்களிடம் எவரும் சொல்லவில்லை. முறிந்தபோது சுமை மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது.

இனி இலங்கை விற்கும் ஒவ்வொரு முறியின் நிபந்தனைகளும், கையெழுத்தாகும் முன்பே தமிழிலும் சிங்களத்திலும் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். நம் மலையக உறுப்பினர்கள் சம்பள விவாதத்துக்கு எழுந்து நிற்பதைப் போல அந்த விவாதத்துக்கும் எழுந்து நிற்க வேண்டும். பதுளை மாவட்டத்துப் பள்ளிகளில் இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளைகளில் சிலர் இந்தச் சட்டத்துறையைத் தேர்ந்து படிக்க வேண்டும். அடுத்த கடன் ஆவணம் எழுதப்படும் மேசையில், நாட்சம்பளத்தின் அருமை தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பது நாட்டுக்கே நல்லது.