54 அரங்குகளை அலசியவர், சொந்த அரங்கில் சறுக்கியது எப்படி? யார் இந்த லியோ பெரானெக்?

1962 செப்டம்பர் 23. நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் புத்தம் புதிய பில்ஹார்மோனிக் ஹால் திறப்பு விழா. டிவியில் நேரலை வேற. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் வந்தது பாராட்டு இல்லை, புகார்தான். அடித்தொனி எடுபடவில்லை, எதிரொலி கேட்கிறது, மேடையில் இருப்பவர்களுக்கே பக்கத்தில் வாசிப்பது சரியாகக் கேட்கவில்லை!

மொத்தப் பழியும் விழுந்தது அரங்கின் ஒலி ஆலோசகர் லியோ பெரானெக் மீது.

யார் இவர்?

1914-ல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் பிறந்தவர். ரேடியோ ரிப்பேர் செய்து படித்த பையன். 1935-ல் சாலையில் டயர் பஞ்சராகி நின்ற ஒருவருக்கு உதவப் போனார். அவர் ரேடியோ பொறியாளர் கிளென் பிரவுனிங். 'ஹார்வர்டுக்கு விண்ணப்பம் போடு' என்று சொன்னதே அவர்தான். ஒரு பஞ்சர், வாழ்க்கையையே திருப்பிவிட்டது!

1948-ல் ரிச்சர்ட் போல்ட்டுடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட்டுக்கு கருவி செய்து கொடுத்ததும் இதே நிறுவனம்தான். அது தனிக்கதை.

எங்கே தப்பு நடந்தது?

உலகின் 54 இசை அரங்குகளை ஆராய்ந்து பெரானெக் புத்தகம் வெளியிட்டதும் அதே 1962-ல்தான். வியன்னா, பாஸ்டன் அரங்குகள் ஏன் பிரமாதம்? இரண்டுமே ஷூ டப்பா மாதிரி நீளமாக, குறுகலாக இருக்கும். மேடையில் எழும் ஒலி பக்கச் சுவரில் பட்டு சட்டென காதுக்கு வந்துவிடும். வாசிப்பு நின்ற பிறகும் சுமார் 2 நொடி அரங்கிலேயே சுற்றும். சுவர் விலக விலக அந்த நெருக்கம் போய்விடும்.

நியூயார்க்குக்கும் அவர் கேட்டது 2,400 இருக்கை கொண்ட ஷூ டப்பாதான். ஆனால் இருக்கை போதாது என்று பத்திரிகையில் குரல் எழ, எண்ணிக்கை 2,600-ஐ தாண்டியது. சுவர்கள் வெளிப்பக்கம் வளைந்தன. வடிவம் மாறியது, பெயர் மட்டும் மாறவில்லை.

பிறகு என்ன ஆனது?

பெரானெக் ஒதுங்கிவிடவில்லை. 1997-ல் திறக்கப்பட்ட டோக்கியோ ஓபரா சிட்டி அரங்குக்கு அவர்தான் ஆலோசகர். 1,632 இருக்கைகள், அதே ஷூ டப்பா. இந்த முறை பாராட்டு குவிந்தது.

நியூயார்க் அரங்கையோ 1976-ல் உள்ளே மொத்தமாக இடித்துக் கட்டினார்கள். அப்பவும் திருப்தி இல்லை. 2022-ல் மறுபடி மாற்றியபோது இருக்கைகள் 2,738-லிருந்து 2,200 ஆகக் குறைக்கப்பட்டன. பெரானெக் கேட்டதைவிடவும் 200 கம்மி! அதைப் பார்க்க அவர் இல்லை. 2016 அக்டோபரில், 102 வயதில் காலமாகிவிட்டார்.