கை கூப்பிடுகிறது, மோட்டார் வருகிறது

மாலை நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் காடிகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். சந்திலிருந்து வெளியே வர ஒருவர் காத்திருப்பார். வரிசையில் நிற்பவர் மனமிரங்கி, ‘வாங்க, வாங்க’ என்று கையை ஆட்டுவார். அவரும் நன்றிக்குக் கையைத் தூக்கிவிட்டு, காடியின் மூக்கை நுழைத்து அடுத்த வரிசைக்குப் போகப் பார்ப்பார். அந்த நொடியில் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே ஒரு மோட்டார் வரும்.

கை காட்டியவர் தன் இடத்தைத்தான் விட்டுக்கொடுத்தார். மோட்டார்காரருக்கும் சேர்த்து வாக்குக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. மோட்டாரில் வருபவருக்கு அந்தக் கையும் தெரியாது, சந்தின் வாயும் தெரியாது. நிற்கும் காடிகளின் முதுகுதான் தெரியும். அதனால் வேகத்தைக் குறைக்க அவருக்குக் காரணமே இல்லை. 2019இல் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் இப்படி இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்து போனவர்களும்தான். அவர்கள் எல்லாரும் கைச்சைகையால் மாண்டவர்கள் அல்லர். ஆனால் நம் ஊர்ச் சாலையில் மரியாதைக்காக ஆட்டும் கை, பெரும்பாலும் மோட்டார் வரும் அந்த ஒடுங்கிய இடைவெளிக்குக் குறுக்கேதான் ஆளை அனுப்புகிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்கென்று தனிப்பாதை 1970களிலேயே வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸின் உள்சாலைகளிலோ கிள்ளான் கடைத்தெருவிலோ அந்த வசதி ஏது?

கைச்சைகைக்கு ஒரு காலத்தில் தெளிவான இலக்கணம் இருந்தது. பிரிட்டன் 1931இல் தன் முதல் சாலை விதி நூலை வெளியிட்டபோது அதில் கைச்சைகைகளும் இடம்பெற்றன. அதே மரபுதான் மலாயாவுக்கும் வந்தது. வலது கையை வெளியே நேராக நீட்டினால் வலப்பக்கம் திரும்புகிறேன் என்று பொருள். இடஞ்சுழியாகச் சுற்றினால் இடப்பக்கம். உள்ளங்கை தரையைப் பார்க்க மேலும் கீழும் அசைத்தால் வேகத்தைக் குறைக்கிறேன். இந்தக் கடைசிச் சைகையில்தான் சிக்கல். தமிழரும் சரி, மலாய்க்காரரும் சரி, ஒருவரைக் கூப்பிடும்போது உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்துத்தான் அசைக்கிறோம். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் லோரியின் ஜன்னலில் அப்படி ஒரு கை தெரிந்தால், பின்னால் வருபவர் எப்படி எடுத்துக்கொள்வார்? ‘மெதுவா வா’ என்றா, ‘முந்திப் போ’ என்றா? இரண்டுக்கும் நடுவே ஓர் உயிர் இருக்கிறது.

விளக்கு இன்னும் மோசம். எதிரே வருபவர் ஹை பீம் அடித்தால் இங்கே பெரும்பாலும் ‘நான் வருகிறேன், நீ வராதே’ என்று பொருள். முச்சந்தியில் வேறொருவர் அதையே ‘நீங்க போங்க’ என்று அடிப்பார். முன்னால் போலீஸ் சாலைத் தடுப்பு இருக்கிறது என்று எச்சரிக்கவும் சிலர் அடிப்பதுண்டு. நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே விளக்கை அடிக்கலாம், அதை அழைப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது பிரிட்டிஷ் விதி. இந்த ஒரு விதியை நாம் அப்படியே பழக்கிக்கொண்டால் நல்லது.

நம் காடிகளின் கண்ணாடி நிறத்தையும் கணக்கில் எடுங்கள். முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடும், முன்பக்கக் கதவுக் கண்ணாடி 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது இங்குள்ள விதி. விதிக்கு உட்பட்ட கண்ணாடியே உச்சிவெயிலில் வானத்தைத்தான் காட்டும். உள்ளே ஆடும் கை வெளியே இருப்பவருக்கு எட்டாது. மழை கொட்டும்போது நான்கு விளக்கையும் ஒருசேர மின்னவிட்டு ஓட்டுபவர்களும் இப்படித்தான் பேச்சை மறைக்கிறார்கள். பெரும்பாலான காடிகளில் அதற்குப் பிறகு சிக்னல் போட்டாலும் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று தெரியாது.

பிரிக்பீல்ட்ஸில் இது வெறும் ஓட்டுநர் விவகாரம் அல்ல. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு தினமும் சாலையைக் கடப்பவர்கள் பலர். அவர்களைப் பார்த்துக் கையாட்டுவதும், ‘போங்க’ என்று ஹார்ன் அடிப்பதும் உதவி அல்ல. ஹார்ன் சத்தம் அவர்களைத் தடுமாறச் செய்யும். கோட்டுக்குப் பின்னால் முழுமையாக நின்றுவிடுங்கள். அவர்கள் எதிர்க்கரை சேரும் வரை நகராதீர்கள்.

ஒரு கை மட்டும் நம்பத்தக்கது. போலீஸ்காரர் நடுச்சாலையில் நின்று உயர்த்தும் கை. பச்சை விளக்கே எரிந்தாலும் அவர் நிறுத்தினால் நிற்க வேண்டும். அவர் எல்லாத் திசையையும் பார்க்கிறார், எல்லாரும் அவரைப் பார்க்கிறார்கள். வரிசைக்குள் உட்கார்ந்து கையாட்டும் ஓட்டுநரிடம் அந்த இரண்டுமே இல்லை.

அதற்காக வழிவிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. வழிவிடுங்கள், ஆனால் முதலில் பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். மோட்டார் வந்தால், கூப்பிட்ட அதே கையை நிமிர்த்தி உள்ளங்கையைக் காட்டி நிறுத்துங்கள். சந்திலிருந்து வருபவரும் யார் கை காட்டினாலும், அடுத்த வரிசை தன் கண்ணுக்குத் தெரியும் வரை அங்குலம் அங்குலமாகத்தான் நகர வேண்டும். பின்னால் ஹார்ன் அடிப்பவர் அடிக்கட்டும்.